ஆமை வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டு: ஃபிளாஷ் டிஃப்யூசர் எப்படி இருக்க வேண்டும்?

எர்ணாவூர் தட்டான் (ஞாயிறு, இரவு 8.50)

எல்லாருக்கும் வணக்கம். வட சென்னையில் எர்ணாவூர்ப் பக்கம் பக்கிங்காம் கால்வாய் ஓரமாக நெய்வேலிக் காட்டாமணக்கு அடர்ந்து கிடக்கும் இடம் ஒன்று உண்டு. மழை விட்ட பிறகு அங்கே இலைக்கு இலை ஓட்டை. இலையைத் திருப்பினால் ஆமை வண்டு உட்கார்ந்திருக்கும். சட்டைப் பொத்தான் அளவுதான். முதுகு பொன் பூசினது போல மின்னும். ஓரம் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும், அதன் வழியாகக் கீழே இருக்கிற இலை நரம்பு தெரியும். இவ்வளவு அழகான பூச்சியை நம் பகுதியில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லையே என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம்.

இன்று காலை மூன்று மணி நேரம் குந்தி உட்கார்ந்து 140 படம் எடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாவற்றிலும் ஒரே குறை. முதுகின் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு எரிந்து போயிருக்கிறது. அதைச் சுற்றிப் பொன்னிறமே இல்லை, கறுப்பாக இருக்கிறது. வயிற்றுக்குக் கீழே கத்தியால் வெட்டின மாதிரி நிழல்.

கருவி: பழைய ஏபிஎஸ்-சி கேமரா, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், கேமரா தலையில் ஒரு சாதாரண ஃபிளாஷ், அதோடு வந்த வெள்ளை பிளாஸ்டிக் மூடி. எஃப் 16 (லென்ஸ் திறப்பு; எண் கூடினால் ஓட்டை சிறிது), 1/200 நொடி, ஐஎஸ்ஓ 100 (ஒளி உணர்திறன்), ஃபிளாஷ் பாதி ஆற்றல். இணையக் கடை ஒன்றில் ஊதிப் பெருக்கும் பை டிஃப்யூசரும் (ஃபிளாஷ் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் உறை) வாங்கிப் பார்த்தேன், பெரிய மாற்றம் இல்லை. லென்ஸைச் சுற்றி வளையமாக மாட்டும் ரிங் ஃபிளாஷ் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். வாங்கலாமா?

பெரம்பூர் லோகோ (ஞாயிறு, இரவு 9.35)

தம்பி, எதையும் வாங்க வேண்டாம். முதலில் ஒரு சோதனை செய்யுங்கள்.

நான் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் பழைய பேரிங் குண்டுகள் கிடக்கும். 8 மி.மீ. குண்டு ஒன்றை எடுத்து, அடியில் துளி களிமண் வைத்து, ஒரு இலை மேல் ஒட்டி, வண்டை எடுப்பது போலவே அதைப் படம் எடுங்கள். அப்புறம் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் லென்ஸ் தெரியும், கை தெரியும், சட்டை தெரியும். இருட்டுக்கு நடுவில் ஓர் ஓரமாகக் குட்டிச் சதுரமாக ஃபிளாஷ் வாய் தெரியும். உங்கள் வண்டின் முதுகில் இருக்கிற வெள்ளைப் பொட்டு அதுதான். வண்டுக்கு முதுகு கண்ணாடி. எதிரில் இருப்பதைக் காட்டும். எதிரில் இருப்பது சின்ன விளக்கும் பெரிய இருட்டும் என்றால் அதைத்தானே காட்டும்?

இனி கணக்குக்கு வாருங்கள். உங்கள் ஃபிளாஷ் வாய் 7 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். கேமரா தலையிலிருந்து வண்டு வரைக்கும் 30 செ.மீ. இருக்கும். வண்டின் இடத்தில் இருந்து பார்த்தால் அது 13 பாகை அகலம். அதே ஒளியை 20 செ.மீ. அகலமுள்ள வெள்ளைத் தாளில் பரப்பி, அந்தத் தாளை வண்டுக்கு 8 செ.மீ. கிட்டே கொண்டுவந்தால் 100 பாகைக்கு மேல் போய்விடும். பூச்சிக்கு அது தலைக்கு மேல் வானம். சூரியன் எவ்வளவு பெரியது! ஆனால் நமக்கு அது வெறும் அரைப் பாகை அகலம். அதனால்தான் மத்தியான வெயிலில் நிழல் அறுத்த மாதிரி விழுகிறது. மேகம் மூடினால் வானம் பூராவும் விளக்காகிவிடுகிறது, நிழல் கரைந்துவிடுகிறது. டிஃப்யூசர் செய்ய வேண்டிய வேலை அந்த மேகத்தின் வேலை.

உங்கள் பிளாஸ்டிக் மூடி ஏன் உதவவில்லை தெரியுமா? ஃபிளாஷ் வாய் என்ன அளவோ அதே அளவுதான் மூடியும். அது வீட்டு அறைக்குள் வேலை செய்யும், ஏனென்றால் ஒளியை நாலா பக்கமும் சிதறடித்துச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்ப வைக்கும். கால்வாய்க் கரையில் சுவர் ஏது? ஊதும் பை கொஞ்சம் பெரிது, சரி, ஆனால் அதுவும் ஒரு அடி தூரத்திலேயே நிற்கிறது. அளவு மட்டும் போதாது, கிட்டே வர வேண்டும்.

ரிங் ஃபிளாஷ் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வண்டு முதுகில் பொட்டுக்குப் பதில் வளையம் தெரியும், ஒளி நேர் எதிரில் இருந்து வருவதால் உருவம் தட்டையாகிவிடும்.

இன்னொன்று. எஃப் 16 வைத்திருக்கிறீர்கள். 1:1 அளவில், அதாவது பூச்சி அதன் உண்மை அளவிலேயே கேமரா உணரியில் பதியும்படி எடுக்கும்போது, கேமராவில் காட்டும் எண்ணை (1 + உருப்பெருக்கம்) என்ற எண்ணால் பெருக்க வேண்டும். அதாவது உங்கள் 16 உண்மையில் 32. அந்தச் சின்ன ஓட்டை வழியாக வரும்போது ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதும் மங்கும். எஃப் 8 முதல் 11 வரை வையுங்கள். நிக்கான் கேமராவாக இருந்தால் மட்டும் கவனம், அந்த நிறுவனத்தின் மேக்ரோ லென்ஸ்களில் கேமராவே பெருக்கிய எண்ணைக் காட்டிவிடும்.

மாதவரம் மல்லி (ஞாயிறு, இரவு 10.20)

லோகோ அண்ணன் சொன்ன பேரிங் குண்டு எனக்கும் புதுசு. நான் இத்தனை நாள் எவர்சில்வர் கரண்டியின் பின்பக்கத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் தனி மேக்ரோ லென்ஸ் கிடையாது. கேமராவோடு வந்த ஜூம் லென்ஸின் முன்னால் ரேய்னாக்ஸ் 250 என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டியிருக்கிறேன். அது 8 டயாப்டர், அதனால் பூச்சி எப்போதும் ஏறக்குறைய 12 செ.மீ. தூரத்தில் இருக்கும். தூரம் மாறாது என்பதே பெரிய வசதி. டிஃப்யூசரை அந்த ஒரு தூரத்துக்கென்றே வெட்டலாம், ஃபிளாஷையும் மேனுவலில் ஒரே அளவில் விட்டுவிடலாம். டிடிஎல் (கேமராவே ஃபிளாஷ் ஒளியை அளந்து தீர்மானிக்கும் முறை) தேவையே இல்லை. வெள்ளைப் பூவில் கறுப்பு எறும்பு வந்தால் டிடிஎல் குழம்பும், மேனுவல் குழம்பாது.

நான் செய்த விதம் இது. வாஷிங் மெஷின் பெட்டிக்குள் சுற்றி வந்த வெள்ளை ஃபோம் ஷீட், ஒரு டிரேசிங் பேப்பர், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று, அலுமினியத் தாள், ஒட்டும் வெல்க்ரோ, கறுப்பு டேப். ஃபைலைப் புனல் மாதிரி மடித்து உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டினேன். குறுகிய வாய் ஃபிளாஷ் தலையில் மாட்டும், அகன்ற வாய் லென்ஸ் நுனிக்கு மேலே வந்து நிற்கும். உள்ளே, ஃபிளாஷிலிருந்து 5 செ.மீ. தள்ளி டிரேசிங் பேப்பர். அதிலிருந்து இன்னும் 6 செ.மீ. தள்ளி ஃபோம் ஷீட். இந்த இடைவெளிதான் உயிர். இரண்டையும் சேர்த்து ஒட்டினால் ஒளி குறையுமே தவிரப் பரவாது. முதல் தாள் ஒளியைச் சிதறடிக்கிறது, அந்தச் சிதறல் விரிய இடம் வேண்டும், விரிந்து வந்த பிறகு இரண்டாவது தாள் முழுவதும் ஒரே சீராக ஒளிரும்.

ஃபிளாஷ் தலையில் உள்ளே தள்ளி வைத்திருக்கும் அகலப் பலகையை (ஒளியை விரிக்கும் பிளாஸ்டிக் தகடு) வெளியே இழுத்து விடுங்கள், ஃபிளாஷின் ஜூமை 24-இல் வையுங்கள். இதை மறந்தால் தாளின் நடுவில் மட்டும் வெளிச்சக் குவியல் விழும், நீங்கள் செய்த புனல் வீண்.

கடைசியாக ஒன்று: முன்பக்க ஃபோமைத் தட்டையாக விடாதீர்கள். ஓலைத் தாழ்வாரம் மாதிரி வண்டுக்கு மேலே வளைந்து இறங்கட்டும். அப்போது ஒளி மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் சேர்ந்து வரும், வயிற்றடி நிழல் தானே இளகும்.

பாரிமுனை பேப்பர் (திங்கள், காலை 7.15)

தாள் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் ஆண்டர்சன் தெருப் பக்கம் காகிதக் கடையில் வேலை செய்கிறேன்.

வெள்ளைத் தாள்தானே என்று ஏ4 தாளை மட்டும் வைத்துவிடாதீர்கள். அது ஒளியை விழுங்கும். அதோடு, வெள்ளையாகத் தெரிவதற்கு அதில் சேர்த்திருக்கும் பொருள் புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். ஃபிளாஷில் புற ஊதாவும் உண்டு. வண்டின் பொன்னிறத்தில் லேசாக நீலம் கலந்துவிடும். டிரேசிங் பேப்பர் என்றால் 90 ஜிஎஸ்எம் கேளுங்கள், மெல்லிசான பட்டர் பேப்பர் சீக்கிரம் கிழியும். ஆனால் எண்ணூர், எர்ணாவூர் கடற்காற்றுக்கு டிரேசிங் பேப்பர் தாங்காது. ஈரம் பட்டதும் சுருண்டுவிடும், நடுவில் அலை அலையாக வந்துவிடும். அந்த அலை வண்டு முதுகில் கோடு கோடாகத் தெரியும்.

எனக்குத் தெரிந்து நம் ஊரில் சும்மாவே கிடைக்கும் நல்ல டிஃப்யூசர் துணி, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. அச்சு இல்லாத பின்பக்கத்தை வெட்டிக்கொள்ளுங்கள், வெள்ளைப் பையாக இருக்க வேண்டும். நெய்யாத பாலிப்ரொப்பிலீன் துணி அது. ஈரத்தில் சுருளாது, துவைக்கலாம், ஒளியை நன்றாகச் சிதறடிக்கும். உள்பக்கத் தாளாக அதையே வையுங்கள்.

எதை வைத்தாலும் நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். முதல் நாளே உங்கள் டிஃப்யூசர் வெளிச்சத்தில் ஒரு சாம்பல் அட்டையைப் படம் எடுத்து, வெள்ளைச் சமநிலையை அதிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம் வெயில் (திங்கள், இரவு 9.05)

எல்லாரும் ஃபிளாஷிலேயே நிற்கிறீர்கள். நான் மாற்றிச் சொல்கிறேன், கோபம் வேண்டாம். டிஃப்யூசர் போட்டு எடுத்த பூச்சிப் படங்களில் முக்கால்வாசி எனக்குப் பிளாஸ்டிக் பொம்மை மாதிரித் தெரிகிறது. நிழல் இல்லை, மயிர் இல்லை, சொரசொரப்பு இல்லை. பின்னால் ஒரே கறுப்பு, பட்டப்பகலில் எடுத்தது நடு ராத்திரியில் எடுத்த மாதிரி இருக்கிறது. விடியற்காலை ஆறு மணிக்குப் பழவேற்காட்டுப் பக்கம் போய், பனியில் விறைத்து உட்கார்ந்திருக்கும் தட்டானை முக்காலி போட்டு எடுத்துப் பாருங்கள். இறக்கையில் ஒவ்வொரு பனித்துளியும் தனித்தனியாக நிற்கும். எந்தப் புனலும் தேவையில்லை.

மாதவரம் மல்லி (திங்கள், இரவு 9.50)

ராயபுரம் அண்ணா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். தூங்கும் பூச்சிக்கு இயற்கை வெளிச்சம் போல வராது. நீலப் பட்டைத் தேனீ ஆண்கள் சாயங்காலம் ஆனால் ஒரு காய்ந்த குச்சியை வாயால் கவ்விப் பிடித்துக்கொண்டு வரிசையாகத் தொங்கித் தூங்கும். எங்கள் மொட்டை மாடித் தொட்டியில் காய்ந்துபோன துளசிக் குச்சியில் தினமும் ஏழெட்டு வரும், ஒவ்வொன்றும் போன நாள் பிடித்த இடத்துக்குக் கிட்டேயே. கால்களை மடித்து வைத்துக்கொண்டு தாடையின் பிடியில் மட்டும் முழு உடம்பும் நிற்பதைப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். அதை நான் ஃபிளாஷ் இல்லாமல்தான் எடுக்கிறேன். அரை நொடி திறந்து வைத்தாலும் அசையாது.

ஆனால் விழித்திருக்கும் பூச்சி? கடற்காற்றில் இலை ஆடிக்கொண்டே இருக்கும். 1:1 அளவில் ஏபிஎஸ்-சி கேமராவின் சட்டகம் மொத்தமே 22 மி.மீ. அகலம். எஃப் 11-இல் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மி.மீ. கூட வராது. இலை ஒரு மி.மீ. ஆடினால் கண் போச்சு. ஃபிளாஷ் முழு ஆற்றலில் எரியும்போது அதன் ஒளி நொடியில் சில நூறில் ஒரு பங்கு வரை நீளும். 1/32 ஆற்றலுக்கு இறக்கினால் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்தத் துடிப்புக்குள் இலை எங்கே ஆடும்? அதனால்தான் டிஃப்யூசரைக் கிட்டே கொண்டுவரச் சொல்கிறோம். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நாலு மடங்கு வரை கூடும், அந்த அளவுக்கு ஃபிளாஷை இறக்கலாம். நிழல் இளகுவதும் அசைவு உறைவதும் ஒரே வேலையில் முடிகிறது.

பெரம்பூர் லோகோ (திங்கள், இரவு 10.30)

பிளாஸ்டிக் பொம்மை என்ற குற்றச்சாட்டு நியாயமானது, அதற்குக் காரணமும் உண்டு. வெள்ளைத் தாள் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே அளவில் எரிந்தால் உருண்டையான பொருளும் தட்டையாகத் தெரியும். நடு கொஞ்சம் கூடுதலாகவும் ஓரம் போகப் போகக் குறைவாகவும் எரிந்தால், வண்டு முதுகின் மேலும் வெளிச்சம் அப்படியே ஏறி இறங்கும், உருட்சி வந்துவிடும். நான் ஃபிளாஷ் தலையைப் புனலின் நடுவில் வைப்பதில்லை, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வைக்கிறேன். வலது பக்கம் அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). பேரிங் குண்டில் பார்த்தால் வெளிச்சம் இடமிருந்து வலமாகத் தேய்ந்து மறைவது தெரியும். மல்லி அம்மா சொன்ன சீரான ஒளியில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. பளபளக்கும் வண்டுக்குச் சீர் வேண்டும், ஆனால் மயிர் நிறைந்த தேனீக்கும் குதிக்கும் சிலந்திக்கும் இந்தச் சரிவு வேண்டும்.

கறுப்புப் பின்னணிக்கு வருவோம். ஒளி தூரம் போகப் போக வேகமாகக் குறையும் என்பதால் 8 செ.மீ.-இல் இருக்கும் வண்டு பளிச்சென்று இருக்கும், ஒரு முழம் தள்ளி இருக்கும் புதர் இருட்டாகிவிடும். வழி இரண்டு. ஒன்று, பின்னால் ஒரு இலை வருமாறு கோணத்தை மாற்றுவது. வண்டுக்குப் பின்னால் நாலு விரல் தூரத்தில் இன்னொரு இலை இருந்தால் போதும், பச்சைப் பின்னணி கிடைத்துவிடும். இரண்டு, ஐஎஸ்ஓவை 400-க்கு ஏற்றி, ஷட்டரை 1/80-க்கு இறக்கி, வானத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே விடுவது. காற்று பலமாக இருந்தால் இரண்டாவது வழியில் விளிம்பில் பேய் நிழல் ஒட்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எர்ணாவூர் தட்டான் (வியாழன், இரவு 8.15)

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. செய்துவிட்டேன். ஃபைல் புனல், உள்ளே தாம்பூலப் பை, வெளியே ஃபோம் ஷீட். பேரிங் குண்டு மெக்கானிக் கடையில் கேட்டேன், எதற்கென்று கேட்டுவிட்டு மூன்று குண்டு சும்மாவே கொடுத்தார்.

முதல் படம்: பழைய மூடியோடு. குண்டில் குத்தின மாதிரி வெள்ளைப் புள்ளி, மற்றதெல்லாம் கறுப்பு. இரண்டாவது: புனலோடு. குண்டின் மேல் பாதி முழுக்கச் சுண்ணாம்பு மெழுகினது போல வெள்ளை, கீழே வரும்போது மெல்ல மங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இத்தனை நாள் எங்கே தப்பு செய்தேன் என்று கண் முன்னால் தெரிந்தது.

நேற்றுக் காலை கால்வாய்க்குப் போனேன். அங்கே இரண்டு சிக்கல். ஒன்று, பொட்டு போய்விட்டது, ஆனால் படம் முழுவதும் பால் ஊற்றினது போல வெளுத்திருக்கிறது. கறுப்பு கறுப்பாகவே இல்லை. குண்டை எடுத்தபோது இது இவ்வளவு தெரியவில்லை. இரண்டாவது, புனலைப் பார்த்ததும் வண்டு காலை உள்ளே இழுத்து இலையோடு ஒட்டிக்கொள்கிறது, இல்லையென்றால் பறந்துவிடுகிறது. முன்பு இப்படி இல்லை.

கொளத்தூர் மீன்தொட்டி (வியாழன், இரவு 9.00)

பால் வெளுப்புக்கு நான் பதில் சொல்கிறேன். எனக்கு வண்ண மீன் கடை. தொட்டிக் கண்ணாடி வழியாக மீனைப் படம் எடுத்து எடுத்து இந்தத் தொல்லையில் பழகியவன்.

உங்கள் வெள்ளை ஃபோம் லென்ஸ் வாய்க்கு மேலே வளைந்து இறங்குகிறது இல்லையா? அது பூச்சி மேல் மட்டும் ஒளி வீசாது, எல்லாப் பக்கமும் வீசும். அதில் ஒரு பங்கு லென்ஸின் முன் கண்ணாடி மேல் நேராக விழுகிறது. அது உள்ளே சிதறிப் படம் முழுவதும் படலமாகப் படிகிறது. லென்ஸையும் ஃபோமையும் பிரிக்கிற மாதிரி ஒரு கறுப்புத் தடுப்பு வேண்டும். லென்ஸ் நுனியில் கறுப்புச் சார்ட் அட்டையை ஒன்றரை செ.மீ. நீட்டமாக வளையம் போல ஒட்டுங்கள். லென்ஸோடு வந்த ஹூடை (வெயில் மறைப்புக் குழாய்) மாட்டாதீர்கள், அது நீளம், 1:1-இல் பூச்சிக்கு மிகக் கிட்டே போய்விடும், ஒளியையும் மறைக்கும். புனலின் அடிப்பக்கம் லென்ஸுக்காக வெட்டின அரைவட்டத்தைச் சுற்றியும் கறுப்பு டேப் ஒட்டுங்கள், இடுக்கு வழியாக ஒளி ஒழுகும். குண்டைக் கீழே இலையில் வைத்துப் புனலைக் கொஞ்சம் தூக்கி எடுத்திருப்பீர்கள், அதனால்தான் அப்போது தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ராயபுரம் வெயில் (வியாழன், இரவு 9.40)

பூச்சி பயப்படுவதற்கு நான் பதில் சொல்லலாம், இது என் துறை. புனல் பெரிதானதால் அதன் நிழலும் பெரிதாகிவிட்டது. பூச்சிக்கு வேகமாக மேலே வந்து விழும் நிழல் என்றால் குருவி என்று அர்த்தம். காலை வெயில் எந்தப் பக்கம் இருக்கிறதோ, புனலின் நிழல் பூச்சி மேல் ஏறாத பக்கமாக வாருங்கள். மேலிருந்து இறங்காதீர்கள். பூச்சியின் மட்டத்துக்கே குனிந்து, தரையோடு தரையாக, ஒரு சாண் நகர்ந்து நின்று, மறுபடி ஒரு சாண். ஃபிளாஷ் அடிப்பதைவிட அசைவுதான் அதை விரட்டுகிறது.

இன்னொன்று, இலையைப் பிடிக்கும் முறை. இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இலைக் காம்பை மெல்லப் பிடித்துக்கொண்டு, அதே கையின் மேல் லென்ஸ் நுனியைச் சாய்த்துக்கொள்ளுங்கள். இலை ஆடினால் லென்ஸும் சேர்ந்து ஆடும், தூரம் மாறாது. குவியத்தை லென்ஸில் திருப்பாமல் உடம்பை முன்னால் பின்னால் நகர்த்திப் பிடியுங்கள்.

வயிற்றடி நிழல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றால் காசிமேட்டு மீன் பெட்டி தெர்மாகோல் மூடியில் உள்ளங்கை அளவு உடைத்து இலைக்குக் கீழே பிடியுங்கள். கழுவி எடுங்கள், இல்லையென்றால் ஈதான் படத்தில் வரும். நான் முக்காலிக்காரன்தான், ஆனாலும் இந்த ஒன்றுக்காக அந்தத் துண்டை எப்போதும் பையில் வைத்திருப்பேன்.

பெரம்பூர் லோகோ (வியாழன், இரவு 10.10)

காம்பைப் பிடிக்கும்போது மெல்லப் பிடியுங்கள் என்று ராயபுரம் தம்பி சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். அதற்கு ஆமை வண்டில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. பனாமா நாட்டு ஆமை வண்டு ஒன்றைப் பற்றி 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. அதன் பொன்னிறத்துக்குக் காரணம் சாயம் கிடையாது. ஓட்டுக்குள் இருக்கும் மெல்லிய அடுக்குகளில் ஈரம் நிறைந்திருக்கும்வரை அவை கண்ணாடிபோல ஒளியைத் திருப்புகின்றன. தொந்தரவு செய்தால் வண்டு அந்த ஈரத்தை வெளியேற்றும், கண்ணாடித் தன்மை போய்விடும், கீழே இருக்கும் சிவப்பு தெரியும். நம் ஊர் ஆமை வண்டும் செத்துக் காய்ந்தால் பொன்னிறம் மங்கிவிடும், பெட்டியில் குத்தி வைத்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே அதைப் பிடித்து வந்து வீட்டில் வைத்து எடுக்கலாம், ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பூச்சிக்கும் கொடுமை, நீங்கள் தேடிப் போன நிறமும் கிடைக்காது. தன் இலையில் நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும்போது எடுங்கள்.

எர்ணாவூர் தட்டான் (ஞாயிறு, மதியம் 1.20)

இன்று காலை ஆறரைக்கே போய்விட்டேன். வெயில் ஏறவில்லை, காற்றும் குறைவு. கறுப்பு வளையம் ஒட்டினதும் பால் வெளுப்பு அடியோடு போய்விட்டது. கொளத்தூர் அண்ணனுக்கு நன்றி.

ஒரு வண்டை மட்டும் தேர்ந்தெடுத்தேன். இலையின் விளிம்பில் தின்றுகொண்டிருந்தது. கால்வாய்ப் பக்கம் முதுகைக் காட்டித் தரையில் படுத்து, ஒரு சாண் ஒரு சாணாக நகர்ந்தேன். பக்கத்தில் போக இருபது நிமிடம் ஆனது. காம்பைத் தொட்டபோது ஒருமுறை கொம்பை உள்ளே இழுத்தது. அசையாமல் காத்திருந்தேன். திரும்ப நீட்டித் தின்ன ஆரம்பித்தது. அதற்குப் பிறகு முப்பது படத்துக்கு மேல் எடுத்தேன், அது தின்பதை நிறுத்தவே இல்லை.

எஃப் 10, 1/125, ஐஎஸ்ஓ 250, ஃபிளாஷ் 1/16. மூன்று படம் இணைத்திருக்கிறேன். மூன்றாவதைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதுகு முழுக்கப் பொன், நடுவில் மேகம் மாதிரி ஒரு வெளிச்சம், வலது பக்கம் தேய்ந்து போகிறது. லோகோ அண்ணன் சொன்னபடி ஃபிளாஷை இடது பக்கம் இரண்டு விரல் தள்ளி வைத்தேன். கண்ணாடி ஓரத்தின் வழியாக இலை நரம்பு மூன்று தெளிவாகத் தெரிகிறது. வாயருகே மென்று துப்பின பச்சைத் துணுக்கும் தெரிகிறது, எடுக்கும்போது இதை நான் கவனிக்கவே இல்லை.

ஒரு குறை மீதி இருக்கிறது. ஓட்டின் கீழ் விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு. அது லென்ஸின் பிரதிபலிப்பு என்று நினைக்கிறேன்.

மாதவரம் மல்லி (ஞாயிறு, மதியம் 2.05)

மூன்றாவது படத்தை நாலு முறை பார்த்துவிட்டேன் தம்பி. அந்த நரம்பு தெரிகிற ஓரம்! என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், நிஜமாகவே எர்ணாவூரிலா என்று கேட்டாள்.

கோடு லென்ஸும் கறுப்பு வளையமும்தான், சந்தேகமில்லை. வண்டு எதிரில் பார்ப்பதைத்தான் காட்டும், எதிரில் லென்ஸ் நிற்கிறது. முழுதாகப் போக்க முடியாது. கேமராவைக் கொஞ்சம் தாழ்த்திப் பக்கவாட்டில் இருந்து எடுத்தால் அந்தக் கோடு ஓட்டின் வளைவுக்குக் கீழே இறங்கி இலையோடு கலந்துவிடும். தெர்மாகோல் துண்டை இலைக்குக் கீழே பிடிக்காமல், லென்ஸுக்குக் கீழே, அதன் நுனியோடு சேர்த்துச் சரிவாக மாட்டிப் பாருங்கள். கறுப்புக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை வரும், கோடு மெலிந்துவிடும். புனலின் அளவுகளையும் எழுதுங்கள், நானும் ஒன்று செய்ய வேண்டும்.

எர்ணாவூர் தட்டான் (ஞாயிறு, மாலை 4.30)

அளவுகள்: குறுகிய வாய் 8 செ.மீ. × 5 செ.மீ., ஃபிளாஷ் தலையில் இறுக்கமாக உட்காரும். அகன்ற வாய் 20 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். ஃபிளாஷிலிருந்து தாம்பூலத் துணி 5 செ.மீ., துணியிலிருந்து ஃபோம் 6 செ.மீ. ஃபோம் லென்ஸ் நுனியைத் தாண்டி 6 செ.மீ. முன்னால் நீளும், அதில் கடைசி 3 செ.மீ. கீழ்நோக்கி வளையும். லென்ஸுக்கான அரைவட்டம் 8 செ.மீ., சுற்றிலும் கறுப்பு டேப். எடை கூடினதால் ஃபிளாஷ் கழுத்து தலை குனிந்தது, புனலின் மேல் நுனியிலிருந்து கேமராப் பட்டை வளையத்துக்கு ஒரு ரப்பர் பேண்டு போட்டு நிறுத்தியிருக்கிறேன். தெர்மாகோலை லென்ஸுக்குக் கீழே மாட்டி நாளைக் காலையே பார்க்கிறேன். அந்த இலையில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது, வண்டு அங்கேயேதான் இருக்கும்.